பழவேற்காட்டுக் கரையும் படக்கதைப் பரம்பரையும்

வாழ்நாளெல்லாம் நாவல்களையும் சரித்திர நூல்களையும் வாசித்துப் பழகிய ஒருவர், புத்தகக் கண்காட்சியில் ‘கிராஃபிக் நாவல்’ என்று எழுதிய பலகையின் கீழ் அடுக்கியிருக்கும் பெரிய பெரிய புத்தகங்களில் ஒன்றைக் கையிலெடுத்துப் புரட்டி, பக்கத்துக்குப் பக்கம் கட்டங்களும் சித்திரங்களும் நிறைந்திருக்கக் கண்டு, இது பேரப்பிள்ளைகளின் சமாசாரம் என்று தீர்மானித்துத் திரும்பவும் அடுக்கிலேயே வைத்துவிட்டுப் போவது இன்று சாதாரணமாக நடக்கிற காரியம். அவரைச் சற்று நிறுத்தி விசாரித்தால், படிப்பதில் ஆட்சேபமில்லை, எதில் ஆரம்பிப்பதென்றுதான் தெரியவில்லை என்பார். உலகத்தின் தலைசிறந்த பத்து, தலைசிறந்த இருபது என்று பட்டியல் தயாரித்து நீட்டுவதற்கு விமர்சகர்கள் எப்போதும் சித்தமாக இருக்கிறார்கள். ஆனால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு படக்கதைக்குள் நுழைந்த தலைமுறை என்று தமிழ்நாட்டில் ஒன்றைக்கூடக் காட்ட முடியாது. எந்தக் காலத்திலும் தமிழ் வாசகர், தமக்கு ஏற்கெனவே பிடித்திருந்த கதை எதுவோ அதன் கையைப் பிடித்துக்கொண்டே படத்துக்குள் நுழைந்திருக்கிறார். அந்தச் சரித்திரத்தைத் தெரிந்துகொண்டால், எதில் ஆரம்பிப்பது என்ற கேள்விக்கு விடை தானே கிடைக்கும். சரித்திரத்தைச் சொல்வதற்குச் சென்னைக்கு வடக்கே, மீஞ்சூர் தொடங்கிப் பழவேற்காட்டு ஏரி வரை விரிந்திருக்கும் பிரதேசம் மிகவும் பொருத்தமானது.

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மார்க்கமாகச் செல்லும் ரயிலில் எண்ணூரையும் அத்திப்பட்டையும் தாண்டினால் மீஞ்சூர் வரும். சிவனுக்கு ஏகாம்பரேசுவரர் கோயிலும் விஷ்ணுவுக்கு வரதராஜப் பெருமாள் கோயிலும் அமைந்திருப்பதால் வடகாஞ்சி என்ற சிறப்புப் பெயர் பெற்ற ஊர் அது. அங்கிருந்து பொன்னேரியை அடைந்து, திருப்பாலைவனத்தைக் கடந்து கிழக்கே சென்றால், இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியதென்று சொல்லப்படும் பழவேற்காட்டு ஏரியும், அதன் கரையிலும் மணல்திட்டுகளிலுமாக இறாலையும் நண்டையும் மடவையையும் நம்பி வாழும் குப்பங்களும் கண்ணுக்குப் புலப்படும். டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்ட்ரியா என்ற கோட்டையைக் கட்டி, 1690-இல் நாகப்பட்டினத்துக்குத் தலைமையிடத்தை மாற்றிக்கொள்ளும் வரையில், சோழமண்டலக் கரையின் வர்த்தகத்தை இங்கிருந்துதான் நடத்தினார்கள். அவர்கள் தேடி வந்த சரக்குகளில் முக்கியமானது துணி. கீழ்த்திசைத் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் வாங்குவதற்கு இந்தக் கரையின் துணியே பணமாகப் பயன்பட்டதால், நெசவும் சாயமும் சித்திரமும் இப்பகுதியின் கிராமங்களில் ஒரு பெருந்தொழிலாக வளர்ந்திருந்தன.

துணியில் சித்திரம் தீட்டும் அந்தக் கலை, படக்கதைக்கு நம் பக்கத்து மூதாதை. பழவேற்காட்டுக்கு வடமேற்கே அதிகத் தொலைவில் இல்லாத காளஹஸ்தியில் இன்றளவும் உயிரோடிருக்கும் கலம்காரியைக் கிட்டே சென்று பார்த்தால் இதன் உண்மை விளங்கும். கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்திய துணியின்மேல், நுனியைக் கூராகச் சீவி, அதன்மேல் துணி சுற்றிய மூங்கில் குச்சியை, இரும்பும் வெல்லமும் நாட்கணக்கில் ஊறிய கறுப்பு நீரில் நனைத்துச் சித்திரக்காரர் கோடிழுக்கிறார். நடுவில் பட்டாபிஷேகக் காட்சி பெரியதொரு சதுரத்தில் அமைகிறது. அதைச் சுற்றிலும் வரிசை வரிசையாகச் சிறு சிறு கட்டங்களில் புத்திரகாமேஷ்டி முதல் இராவண வதம் வரையில் கதை நடக்கிறது. ஒவ்வொரு வரிசைக்கும் அடியிலே நீளமாகத் தெலுங்கு எழுத்தில் இன்ன காட்சி என்று குறிப்பு ஓடுகிறது. ஒரே வரிசையில் இராமன் நான்கு தரம் வருகிறான்; நான்கு இராமர்களா என்று யாரும் கேட்பதில்லை; முதலில் நிற்பவனே அடுத்தாற்போல் வில்லை வளைக்கிறான், பிறகு நடக்கிறான் என்று பார்ப்பவர் மனம் தானாகக் காலத்தை இட்டு நிரப்பிக்கொள்கிறது. இந்த இட்டு நிரப்பும் சாமர்த்தியந்தான் படக்கதை வாசிப்பின் ஜீவநாடி.

தமிழ்நாட்டில் இதற்கு இன்னும் பெரியதோர் உதாரணம் திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்து விதானம். பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவையென்று அறிஞர்கள் கருதும் அந்த ஓவியங்களில், குரங்கு முகம் படைத்த முசுகுந்தச் சக்கரவர்த்தி தேவேந்திரனுக்காக அசுரரோடு போர் புரிந்ததும், அதற்குப் பரிசாகத் தியாகராஜ மூர்த்தியைக் கேட்டதும், கொடுக்க மனமில்லாத இந்திரன் ஒன்றுபோலவே ஏழு மூர்த்தங்களைக் காட்டி மயக்கப் பார்த்ததும், முசுகுந்தன் உண்மையான மூர்த்தியைக் கண்டுகொண்டு ஆரூருக்குக் கொண்டுவந்ததும் பட்டை பட்டையாகத் தீட்டப்பட்டு, ஒவ்வொன்றின் கீழும் தமிழில் விளக்கம் எழுதப்பட்டிருக்கிறது. சிங்காதனம் என்ற ஓவியர் தம் பெயரையும் அங்கே பொறித்து வைத்திருக்கிறார். பழவேற்காட்டிலேயே செம்பூராங்கல்லால் எழுந்த ஆதிநாராயணப் பெருமாள் கோயிலில் இராமாயணக் காட்சிகள் மிகச் சிறிய உருவங்களாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆகவே, படங்களை வரிசையாகப் பார்த்துக் கதையைக் கிரகிக்கும் வித்தை மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்ததென்று நினைப்பவர்கள் நம் கோயில்களுக்குள் அண்ணாந்து பார்க்காதவர்கள். அங்கே படம் பார்த்தவர்கள் குழந்தைகளல்லர். கதையை முன்னமே அறிந்திருந்த பெரியவர்கள். கதை தெரிந்திருந்ததனாலேயே படம் அவர்களுக்கு எளிதாக வசப்பட்டது.

அச்சு யந்திரம் பரவிய பின்பும் இந்த நியதி மாறவில்லை. 1947-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாகி ரெட்டியும் சக்கரபாணியும் சென்னையிலிருந்து தெலுங்கிலும் தமிழிலும் தொடங்கிய ‘அம்புலிமாமா’, பக்கத்துக்குப் பக்கம் வர்ணச் சித்திரங்களோடு வீடுகளில் நுழைந்தது. முருங்கை மரத்திலிருந்து வேதாளத்தை இறக்கித் தோளில் சுமந்து, உருவிய வாளோடு மயானத்தில் நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்த விதம் இரண்டு மூன்று தலைமுறைகளின் நினைவில் பதிந்துவிட்டது. கண்டிப்பாகச் சொன்னால் அது படக்கதை அன்று. கதை எழுத்திலே இருந்தது, படம் அதற்குத் துணையாக நின்றது. எனினும், எழுத்தையும் சித்திரத்தையும் ஒரே மூச்சில் உட்கொள்ளும் பழக்கத்தை அது ஏற்படுத்தி வைத்தது.

படமே கதையை நடத்திச் செல்லும் முயற்சி வெகுஜனங்களிடம் வெற்றி பெற்றதற்குத் ‘தினத்தந்தி’யின் ‘கன்னித்தீவு’ பிரசித்தமான சாட்சி. சி. பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் ஆரம்பித்து, கூலித் தொழிலாளரும் எழுத்துக் கூட்டி வாசிக்கும்படியான நடையில் நடத்திய அந்தப் பத்திரிகையில், 1960-ஆம் ஆண்டு முதல் நாள்தோறும் இரண்டு மூன்று கட்டங்களாக வெளிவரத் தொடங்கிய அந்தத் தொடர், ஆரம்பத்தில் கணு என்ற ஓவியரின் கைவண்ணத்தில் அமைந்தது. மந்திரவாதி மூசாவால் சின்னஞ்சிறு உருவமாகக் குறுக்கப்பட்ட லைலாவைப் பழைய உருவத்துக்கு மீட்பதற்காகச் சிந்துபாத் என்ற மாலுமி தீவு தீவாக அலைகிறான். அந்த அலைச்சல் அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் ஓயவில்லை. முடிவில்லாத எந்த விவகாரத்தையும் கன்னித்தீவுக் கதை என்று சொல்லுமளவுக்கு அது பேச்சு வழக்கிலும் இடம் பிடித்துவிட்டது.

கடற்கரைக் கிராமங்களில் அந்தத் தொடருக்குத் தனி வரவேற்பு இருந்ததென்றால் அதில் வியப்பதற்கில்லை. சிந்துபாத் அரபு நாட்டுக் கடலோடிகளின் கதை. பழவேற்காடோ, அரபு வர்த்தகர் வழிவந்தோரென்று தம்மைச் சொல்லிக்கொள்ளும் முஸ்லிம்களும், கட்டுமரமேறிய பட்டினவரும், கீழ்த்திசைத் துறைமுகங்களுக்குத் துணி ஏற்றிய செட்டிகளும் அடுத்தடுத்து வாழ்ந்த துறைமுகம். காற்றுத் திரும்பினால் கரை காணாமற்போகும் என்பதைத் தொழிலிலே கண்ட ஒருவருக்குச் சிந்துபாத்தின் கப்பல் உடைவதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விடியற்காலையில் கரை திரும்பிய பிறகு தேநீர்க் கடைப் பெஞ்சில் அமர்ந்து, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கும் தமிழ்நாட்டு வழக்கத்திலே, எழுத்தறியாதவரும் தாமே கண்ணால் வாசிக்கக்கூடிய பகுதியாகப் பத்திரிகையில் அமைந்தவை அந்த இரண்டு மூன்று கட்டங்களே. கடலை அறிந்தவர் கடல் கதையின் வழியாகப் படக்கதைக்குள் வந்தார். இதுவே நாம் சொல்ல வந்த விஷயத்தின் முதல் அத்தியாயம்.

இரண்டாம் அத்தியாயம் சிவகாசியில் நடந்தது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வர்ணச் சீட்டுகள் அச்சிட்டுத் தேர்ச்சி பெற்றிருந்த அந்த நகரத்திலிருந்து, சௌந்தரபாண்டியன் அவர்கள் பதிப்பாளராகவும் முல்லை தங்கராசன் ஆசிரியராகவும் அமைய, 1972-இல் ‘முத்து காமிக்ஸ்’ வெளிவந்தது. முதல் புத்தகம் ‘இரும்புக்கை மாயாவி’. இங்கிலாந்தில் 1962 முதல் ‘வேலியண்ட்’ என்ற வாரப் பத்திரிகையில் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவின் சித்திரங்களோடு வந்துகொண்டிருந்த தொடரின் தமிழ் வடிவம் அது. விஞ்ஞானக் கூடத்து விபத்தில் வலக்கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்ட ஒருவன், மின்சாரம் உடலில் பாய்ந்த மாத்திரத்தில் மறைந்து போகிறான். இரும்புக் கை மட்டும் மறைவதில்லை.

இந்தக் கற்பனை படக்கதைக்கே உரியதென்பதைச் சற்று உற்று நோக்கினால் அறியலாம். ஒரு கட்டத்தில் மனிதன் மின்கம்பியைத் தொடுகிறான். அடுத்த கட்டத்தில் வெறும் அறை, அதன் நடுவே அந்தரத்தில் ஓர் உலோகக் கை. மூன்றாவது கட்டத்தில் அந்தக் கை கதவின் பிடியைத் திருகுகிறது. உடல் எங்கே நிற்கிறது, தோள் எந்தத் திசையில் வளைகிறது, முகத்தில் கோபமா அச்சமா என்பதையெல்லாம் ஓவியர் வரையவில்லை. வரையாமலே வாசகரை வரைந்துகொள்ளச் செய்கிறார். இராமன் நான்கு தரம் வரும் கலம்காரி வரிசையில் கட்டத்துக்கும் கட்டத்துக்கும் இடையே நடந்ததை ஊகித்த அதே மனம், இங்கே கட்டத்துக்குள்ளேயே இல்லாததை ஊகிக்கிறது. எட்டு வயதுச் சிறுவன் இந்தப் பயிற்சியைத் தன்னையறியாமல் பெற்றுவிடுகிறான். படித்துப் படித்து எழுத்துக்கே அடிமைப்பட்டுவிட்ட பெரியவர்கள்தாம் படத்தைத் தாண்டிக்கொண்டு எழுத்திலிருந்து எழுத்துக்குத் தாவி, பத்தே நிமிஷத்தில் புத்தகத்தை முடித்துவிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

மேல்நாட்டுக் கதையைத் தமிழாக்கியதில் இருந்த சிரமங்களும் கவனிக்கத் தக்கவை. ஆங்கிலத்தில் நாலு வார்த்தை அடங்கும் பேச்சுக் குமிழிக்குள் தமிழ் வாக்கியம் அடங்குவதில்லை. பெரிய பத்திரிகைப் பக்கத்துக்காக வரைந்த கட்டங்கள் கையடக்கப் புத்தகத்தில் பொருந்துவதில்லை. ஆதலால் கட்டங்களை வெட்டி, இடம் மாற்றி, குமிழிகளை மாற்றியமைத்து, துப்பறியும் நாவல்களில் தமிழர் பழகியிருந்த சுருக்கமான நடையைப் பாத்திரங்களின் வாயில் வைத்தார்கள். ‘கல்கண்டு’ பத்திரிகையிலே தமிழ்வாணனின் சங்கர்லாலை வாசித்துப் பழகியிருந்தவர்களுக்கு முத்து காமிக்ஸில் வந்த லாரன்ஸும் டேவிட்டும் ரிப் கிர்பியும் அந்நியராகத் தோன்றவில்லை. கடல் கதைக்கு அடுத்தபடியாகத் துப்பறியும் கதை இரண்டாவது வாசலாயிற்று.

அதே காலத்தில், பிறமொழி வாடையில்லாமல் தமிழிலேயே படக்கதை படைக்க வேண்டுமென்று உழைத்தவர்களும் இருந்தனர். வாண்டுமாமா என்ற புனைபெயர் கொண்ட வி. கிருஷ்ணமூர்த்தி, 1972-இல் தோன்றிய ‘கோகுலத்’திலும், பிறகு 1984-இல் ஆரம்பமான ‘பூந்தளிரி’லும் ராஜகுமாரர்களும் மந்திரவாதிகளும் வீரச் சிறுவர்களும் நிறைந்த சித்திரக்கதைகளை எழுதினார். புராணப் பிரியர்களுக்கு, அனந்த் பை 1967-இல் பம்பாயில் தொடங்கிய ‘அமர் சித்திர கதா’ வரிசை தமிழிலும் கிடைத்தது. இராமாயணத்தைக் கதாகாலட்சேபத்தில் கேட்டவர்கள் அதையே கட்டம் கட்டமாகப் பார்க்கலாயினர். இது மூன்றாவது வாசல்.

1984-ஆம் ஆண்டு தமிழ்ப் படக்கதையின் சரித்திரத்தில் முக்கியமானது. சௌந்தரபாண்டியன் அவர்களின் குமாரர் எஸ். விஜயன், இருபது வயதுகூட நிரம்பாத பருவத்தில், ‘கத்திமுனையில் மாடஸ்டி’ என்ற புத்தகத்தோடு ‘லயன் காமிக்ஸை’ ஆரம்பித்தார். அதே ஆண்டில் தினத்தந்திக் குழுமத்தாரின் ‘ராணி காமிக்ஸ்’ ஜேம்ஸ் பாண்ட் சாகசமான ‘அழகியைத் தேடி’யோடு வெளிவந்து, மாதம் இரண்டு இதழ்களாக ரயிலடிக் கடைகளிலும் பெட்டிக் கடைகளிலும் தொங்கலாயிற்று. குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடரும், இரும்பு மனிதன் ஆர்ச்சியும், இத்தாலியிலே 1948-இல் பிறந்த குதிரை வீரர் டெக்ஸ் வில்லரும், நிழலைக் காட்டிலும் வேகமாகச் சுடும் லக்கி லூக்கும் தமிழ்ப் பிள்ளைகளின் வீட்டு மனிதர்களானார்கள்.

விலை குறைவென்றாலும் குப்பத்துப் பிள்ளை ஒவ்வொருவனும் ஒரு பிரதி வாங்கும் சக்தி படைத்தவனல்லன். பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்தத் தலைக்கட்டின் வலை எந்த நாளில் எந்த நீர்ப்பரப்பில் விழ வேண்டுமென்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொண்டு, இருப்பதை எல்லாரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. படக்கதைப் புத்தகமும் தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறக்குறைய பாடு முறையிலேதான் வாசிக்கப்பட்டது எனலாம். ஒரே பிரதி கைக்குக் கை மாறி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமற்போய், முடிவு தெரியாமலே பல வீடுகளைச் சுற்றி வந்தது. இப்படிப் புத்தகம் கைமாறுகிறபோது ஒரு சிபாரிசும் உடன்சென்றது. உனக்குப் பேய்க்கதை பிடிக்குமே, இதைப் படி. உனக்குத் துப்பாக்கிச் சண்டை பிடிக்குமே, அதைப் படி என்று, கொடுப்பவன் வாங்குபவனுடைய ருசியை அறிந்து கொடுத்தான். விமர்சகர்களின் பட்டியலில் இல்லாத பெரும் சௌகரியம் இது.

பழைய இதழ்களைத் தேடுகிறவர்களுக்கு மீஞ்சூர் ரயில் ஒரு வரப்பிரசாதமாக இருந்தது. அந்த ரயில் போய் நின்ற சென்ட்ரல் நிலையத்தின் அருகிலேயே, 1900-ஆம் ஆண்டு வாக்கில் எழுந்த மூர் மார்க்கெட்டின் செந்நிறக் கட்டடமும், அதன் தாழ்வாரங்களில் குவிந்து கிடந்த பழம்புத்தகக் கடைகளும் இருந்தன. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த படக்கதை வாரப் பத்திரிகைகளும், பாதி விலைக்கு வந்த முத்து காமிக்ஸும் அங்கே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பேரம் பேசத் தெரிந்தவருக்குப் பொக்கிஷம். 1985-ஆம் ஆண்டு மே மாதத்தில் தீ அந்த அங்காடியை விழுங்கியது. வியாபாரிகள் அல்லிக்குளத்துக் கட்டடத்துக்குப் பெயர்ந்தார்கள். மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில்களுக்கான நிலையம் எழுந்தது. மீஞ்சூரிலிருந்து செல்லும் பிரயாணி இன்றும் ‘மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ்’ என்ற பெயர்ப்பலகையின் கீழ்தான் இறங்குகிறார்.

தொலைக்காட்சி வீட்டுக்கு வீடு வந்த பிறகு படக்கதைக்குக் கஷ்டகாலம் பிறந்தது. ஐந்நூறு இதழ்களைக் கண்ட ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றது. சிவகாசி வெளியீடுகளும் இடையிடையே மூச்சு வாங்கின. ஆயினும் வாசகர்கள் அழிந்துவிடவில்லை, வயதாகிவிட்டார்கள், அவ்வளவுதான். 1980-களில் கால்சட்டைப் பருவத்தில் படித்தவர்கள் உத்தியோகமும் குடும்பமுமாக ஆன பின்பு, அதே சுவையைச் சற்று முதிர்ந்த வடிவத்தில் நாடினார்கள். பெல்ஜிய எழுத்தாளர் வான் ஹாமும் ஓவியர் வில்லியம் வான்ஸும் 1984 முதல் படைத்த நீண்ட தொடரைத் தமிழில் ‘இரத்தப் படல’மாக லயன் நிறுவனம் கொடுத்துவந்தது. 2010-இல் அதன் பதினெட்டுப் பாகங்களும் ஒரே பெருந்தொகுதியாக வெளிவந்தபோது அதை வாங்கியவர்கள் பெரும்பாலும் நடுவயதினர். 2012-இல் லயன் புத்துயிர் பெற்று, உயர்ந்த தாளில், பெரிய அளவில், முழு வர்ணத்தில் பிரசுரிக்கத் தொடங்கியதும், போரின் கொடுமைகளையும் மனித மனத்தின் இருளையும் பேசும் ஐரோப்பிய நூல்களுக்கென்று தனி வரிசையே உண்டாயிற்று.

உலகத்தின் பிற பகுதிகளில் நடந்ததும் இதைப் போன்றதே. நியூயார்க் நகரத்து ஏழை யூதர் குடியிருப்புகளைப் பற்றி வில் ஐஸ்னர் 1978-இல் வெளியிட்ட நூலிலிருந்து ‘கிராஃபிக் நாவல்’ என்ற பெயர் பரவலாயிற்று. நாஜி முகாமில் தம் தந்தை பட்ட துன்பத்தை, யூதர்களை எலிகளாகவும் ஜெர்மானியரைப் பூனைகளாகவும் வரைந்து காட்டிய ஆர்ட் ஸ்பீகல்மனின் ‘மௌஸ்’ 1992-இல் புலிட்சர் விசேஷப் பரிசைப் பெற்றது. இந்தியாவில் நர்மதைப் பள்ளத்தாக்கு மக்களின் போராட்டத்தை ஓரிஜித் சென் 1994-இல் ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ என்று சித்திரித்தார். நம் நாட்டின் முதல் கிராஃபிக் நாவல் என்று பலராலும் கருதப்படும் அந்நூலைப் பல்லாண்டுகளுக்குப் பிறகு 2022-இல் மறுபதிப்பாகக் கொண்டுவந்தது சென்னையைச் சேர்ந்த பிளாஃப்ட் பதிப்பகம். கோண்டு பழங்குடி ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும், அம்பேத்கர் இளமையில் அனுபவித்த தீண்டாமைக் கொடுமைகளைத் தங்கள் மரபுச் சித்திரத்தில் தீட்டிய ‘பீமாயணம்’ 2011-இல் வெளிவந்து, காலச்சுவடு மூலம் தமிழுக்கும் வந்து சேர்ந்தது. அந்நூலில் கட்டங்கள் கிடையா. கோண்டு வீடுகளின் சுவரிலும் தரையிலும் இடும் கோலம்போல வளைந்து செல்லும் கோடுகளே பக்கத்தைப் பிரிக்கின்றன. தண்ணீர் மறுக்கப்பட்ட பிள்ளையின் தாகத்தைச் சொல்லுமிடத்தில் மீன் உருவங்கள் வருகின்றன. ஈரானியப் பெண்ணான மர்ஜான் சத்ரபி, புரட்சிக் காலத்தில் தாம் வளர்ந்த வரலாற்றைக் கறுப்பு வெள்ளையில் எழுதிய ‘பெர்செபோலிஸ்’ நூலைக் கோவை விடியல் பதிப்பகத்தார் தமிழாக்கித் தந்தார்கள்.

இவ்வளவு சரித்திரத்தையும் பார்த்த பிறகு, புதிய வாசகருக்குச் சொல்லக்கூடிய யோசனை மிகவும் எளிமையானது: படத்தைப் பற்றிக் கவலைப்படாமல் முதலில் உங்கள் கதையைத் தேர்ந்தெடுங்கள். சுயசரிதையிலும் அரசியல் சரித்திரத்திலும் ஆசையுள்ளவர் ‘பெர்செபோலிஸி’ல் தொடங்கலாம், அதன் ஓவியம் குழந்தை கிறுக்கியதுபோல் அத்தனை எளிமையாக இருப்பதால் கண்ணுக்குத் தடையே ஏற்படாது. சமூக நீதியில் அக்கறையுள்ளவருக்குப் ‘பீமாயணம்’. மர்மத்தையும் விறுவிறுப்பையும் விரும்புகிறவருக்கு ‘இரத்தப் படலம்’. குண்டடிபட்டுக் கடற்கரையில் ஒதுங்கிக் கிடக்கும் ஒருவனை முதிய தம்பதியர் எடுத்துக் காப்பாற்ற, அவன் தன் பெயரே தெரியாதவனாகக் கண்விழிப்பதில் அந்தக் கதை தொடங்குகிறது. சிரிக்க வேண்டும் என்பவர் லக்கி லூக்கை விட்டுவிட்டு வேறெங்கும் போக வேண்டாம். புராணப் பற்றுள்ளவர் ஆங்கிலமும் அறிந்தவராயின், வங்காளத்துப் பட்டுவா ஓவியர் மொய்னா சித்ரகரின் படங்களோடு சென்னைத் தாரா நிறுவனம் 2011-இல் பதிப்பித்த ‘சீதாஸ் ராமாயணா’வைத் தேடி எடுக்கலாம், துக்கத்தைச் சீதையின் பக்கத்தில் நின்று சொல்லும் புத்தகம் அது.

பழவேற்காட்டுக் கரையில் பிறந்து வளர்ந்து கல்லூரிக்குச் செல்லும் இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டால், இரண்டு நூல்களைத் தயங்காமல் சொல்லலாம். அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் ஏரியின் முகத்துவாரத்தை நோக்கி நெருங்கி வருவதைக் கண்ணால் கண்டவருக்கு ‘ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்’ சொல்லும் நர்மதையின் கதை அந்நிய தேசத்துக் கதையாக இராது. மற்றொன்று, பெஞ்சமின் டிக்ஸும் ஓவியர் லின்ட்சே பொல்லாக்கும் 2019-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘வன்னி’. இலங்கையின் வடக்குக் கரையோரத்துத் தமிழ்க் குடும்பமொன்று 2004 ஆழிப்பேரலையில் அடிபட்டு, பிறகு போரினால் ஊர் ஊராகத் துரத்தப்பட்டு, 2009-இல் அடைந்த கதியைத் தப்பிப் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைக் கொண்டு அமைத்த நூல் அது. அதே பேரலையை அதே டிசம்பர் காலையில் கண்ட குப்பத்தாருக்கு அதன் முதல் பக்கங்களை விளக்க வேறொருவர் வேண்டியதில்லை. அறுபதாண்டுகளுக்கு முன் சிந்துபாத்தின் கப்பல் உடைந்தபோதும் அப்படித்தான் இருந்தது.

புத்தகத்தைத் தேர்ந்துகொண்ட பிறகு வாசிக்கும் முறையைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. எழுத்தை மட்டும் படித்துக்கொண்டு ஓடாமல், எழுத்தில்லாத கட்டங்களில் சற்றுத் தங்க வேண்டும். ஆசிரியர் மௌனமாயிருக்கும் இடத்தில் ஓவியர் பேசிக்கொண்டிருப்பார். முதல் நூல் பிடிக்காமற்போனால் கலையையே குறை கூறிவிடக் கூடாது. ஒரு நாவல் கசந்ததற்காக நாவல் இலக்கியத்தையே யாரும் தள்ளிவைப்பதில்லையல்லவா? இந்த நூல்களின் விலை சாமானியருக்கு அதிகம் என்பதும் உண்மை. கைமாறிக் கைமாறிப் படித்த வழக்கம் வீடுகளில் அருகிப்போன இந்நாளில், அந்தப் பணியைப் பொது நூலகங்களே ஏற்க வேண்டும். மீஞ்சூரிலும் பொன்னேரியிலும் உள்ளவை போன்ற கிளை நூலகங்களின் அலமாரிகளில் இத்தகைய நூல்கள் பத்துப் பன்னிரண்டு இருந்து, அவற்றைக் குழந்தைகள் பகுதியில் ஒளித்து வைக்காமல், துப்பறியும் படக்கதையைத் துப்பறியும் நாவலின் அருகிலும், சுயசரிதைப் படக்கதையைச் சுயசரிதைகளின் அருகிலும் வைத்தார்களானால், வாசகருக்குப் பாதி வழிகாட்டுதல் அங்கேயே முடிந்துவிடும். விமர்சகர்களின் பட்டியல் அவசியமில்லை என்று நாம் சொல்லவில்லை. நாலு புத்தகங்களைத் தம் ருசிப்படி வாசித்து முடித்தவர் ஐந்தாவதைத் தேடும்போது அது மிகவும் உபயோகப்படும்.